உண்டியலில் பறக்கும் ஹெலிகொப்டரும் காற்றைப் பார்த்திருக்கும் நெடுந்தீவும்

லண்டனுக்கு வடக்கே, நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு பெற்றோல் நிலையத்தில் நான்கு வருடங்கள் இரவு வேலை செய்தேன். முதலாளி புங்குடுதீவுக்காரர். காசுப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் உண்டியல் இருக்கும். அதில் ஒரு ஹெலிகொப்டர் படம். மிச்சக்காசு வாங்குபவர்கள் செப்புக் காசுகளை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். ஒருநாள் சில்லறை தட்டுப்பட்டபோது அதிலிருந்து மாற்றலாமா என்று கேட்டேன். “தம்பி, அது ஹெலிக்கு எண்ணெய்க் காசு. அதில கை வையாதை” என்றார்.

அவர் பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். பிரித்தானியா போன்ற ஒரு நாட்டில் உயிர்காக்கும் ஹெலிகொப்டர் உண்டியல் காசில் பறக்கும் என்று யார் நம்புவார்கள்? ஆனால் அவர் சொன்னது உண்மை. வீதியில் ஓடும் அம்புலன்ஸ் அங்கே அரசாங்கத்துடையது. வானத்தில் பறப்பது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும், பெரும்பாலும் தொண்டு அமைப்புகளுடையது. 1987 இல் கோர்ன்வோலில் முதலாவது ஹெலிகொப்டர் அம்புலன்ஸ் பறக்கத் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் இருபதுக்கு மேற்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. இளவரசர் வில்லியம் 2015 முதல் 2017 வரை விமானியாக வேலை செய்ததும் இப்படியான ஓர் அமைப்பில்தான். வாராந்தச் சீட்டிழுப்பு, பழைய உடுப்புக் கடைகள், இறந்தவர்கள் எழுதி வைக்கும் உயில்கள், ஊர்க் கடைகளின் உண்டியல்கள் ஆகியவையே அவற்றின் வருமானம்.

எங்கள் முதலாளி உண்டியலோடு நிற்கவில்லை. வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் கார் கழுவுவோம். அந்த நாள் எங்களுக்குச் சம்பளம் இல்லை. வருகிற காசு முழுவதும் ஹெலிக்கு. அவருக்கு இதில் வியாபாரமும் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. வெள்ளைக்காரர் மட்டுமே வாழும் ஒரு சிற்றூரில் ஒரு தமிழனின் கடை ஊர்க்கடையாக மாறியது அந்த உண்டியலால்தான் என்று சொல்வார்.

ஊருக்குத் திரும்பி வந்து சில வருடங்களாகின்றன. குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்கும்போதெல்லாம் அந்த உண்டியல் ஞாபகத்துக்கு வருகிறது.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை கடந்து, புங்குடுதீவின் மறு அந்தத்துக்குப் போனால் குறிகட்டுவான் வரும். அங்கே வீதி முடிகிறது. அதற்கு அப்பால் நயினாதீவு. இன்னும் தள்ளி நெடுந்தீவு. நெடுந்தீவுக்குக் குமுதினியில் போனாலும், தனியார் படகில் போனாலும், ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கடல் பயணம். இடையில் ஏழாத்துப் பிரிவு. சோளகம் எழுந்தால் அந்த இடத்தில் படகு எப்படி ஆடும் என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும். நல்ல சுகத்தோடு இருப்பவர்களே கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார்கள். பிரசவ வலியோடு இருப்பவர், நெஞ்சுவலியோடு இருப்பவர், விழுந்து தலையில் அடிபட்டவர் அதே படகில்தான் வர வேண்டும். பகலில் என்றால் படகு இருக்கும். இரவில் என்றால் யாராவது ஒருவரை எழுப்ப வேண்டும்.

நெடுந்தீவில் ஒரு பிரதேச வைத்தியசாலை இருக்கிறது. அங்கே முதலுதவி கிடைக்கும், சேலைன் ஏறும். சத்திரசிகிச்சை என்றால் கடல் தாண்ட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மகள் கர்ப்பமானபோது, நாள் நெருங்குவதற்கு ஒரு மாதம் முன்பே யாழ்ப்பாணத்தில் அறை எடுத்து இருந்தார்கள். தகப்பன் மீன்பிடித் தொழில். அறை வாடகை, சாப்பாடு, அந்த ஒரு மாதம் தாய் வீட்டில் இல்லாததால் கெட்ட வேலைகள் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், பிள்ளை பிறப்பதற்கு முன்பே கடன். அரசாங்க வைத்தியசாலையில் பிரசவம் இலவசம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். தீவில் இருப்பவருக்கு அந்த இலவசம் குறிகட்டுவானில்தான் தொடங்குகிறது.

அவசரம் என்றால் இப்போது என்ன நடக்கிறது? பெரும்பாலும் கடற்படைக்கு அறிவிக்கப்படுகிறது. கடற்படையின் படகு நோயாளியைக் குறிகட்டுவானுக்குக் கொண்டுவருகிறது. அங்கிருந்து அம்புலன்ஸ். இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரவில் கொந்தளிக்கும் கடலில் படகைச் செலுத்தி உயிர்களைக் காப்பாற்றிய கடற்படையினர் இருக்கிறார்கள். வலியில் துடிக்கும் ஒரு தாய் படகோட்டியின் சீருடையைப் பார்ப்பதில்லை.

ஆனால் அரசியல் அந்தச் சீருடையைப் பார்க்கத்தான் வேண்டும். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் கடற்படையினரால் முப்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். கொல்லப்பட்டவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அந்தக் கொலைக்கு யாரும் பொறுப்புக் கூறவில்லை. அதே கடலில், அதே பாதையில், அதே தீவின் மக்கள் இன்று உயிர் பிழைப்பதற்குக் கடற்படையைத்தான் அழைக்க வேண்டியிருக்கிறது. போர் முடிந்து இவ்வளவு காலத்தின் பின்னரும் படையினரின் இருப்பைக் குறைக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அப்படிக் கேட்கும்போது, “அப்படியென்றால் நெடுந்தீவிலிருந்து நோயாளியை யார் கொண்டுவருவது?” என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. ஒரு சிவில் சேவை இல்லாத இடத்தில் படைத்தரப்பு தன்னைத் தவிர்க்க முடியாததாக ஆக்கிக்கொள்கிறது. முன்பள்ளி, பண்ணை, உணவகம் என்று வன்னியில் நாங்கள் கண்டது அதைத்தான். தீவுகளில் அது அம்புலன்ஸ் வடிவத்தில் இருக்கிறது.

வானத்திலும் இதே நிலைதான். குடாநாட்டில் ஹெலிகொப்டர் வரக்கூடிய இடம் பலாலி. பலாலி விமானப்படையின் தளம். அதைச் சுற்றியுள்ள வலி வடக்கு மக்களில் பலர் 1990 இல் இழந்த காணிக்காக இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப் போட்டபோது, வீதிகள் அறுந்த இடங்களில் ஹெலிகொப்டர்களே மக்களை மீட்டன. நிவாரணப் பணியிலிருந்த பெல் 212 ரக ஹெலிகொப்டர் ஒன்று லுணுவிலவில் வீழ்ந்து அதன் விமானி உயிரிழந்தார். ஹெலிகொப்டர் என்பது எவ்வளவு பெறுமதியானது, எவ்வளவு ஆபத்தானது என்ற இரண்டையும் அந்த ஒரு வாரம் காட்டியது.

அப்படியானால் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு தொண்டு ஹெலிகொப்டர் வேண்டும் என்று நான் எழுதப்போகிறேன் என்று வாசகர் நினைக்கலாம். புலம்பெயர்ந்த நண்பர்கள் சிலர் அப்படித்தான் கேட்கிறார்கள். “எங்கட ஆக்கள் சேர்ந்தால் ஒண்டு வாங்கேலாதோ?” வாங்கலாம். வாங்குவது கஷ்டமே இல்லை. அங்கேதான் பிரச்சினை.

எங்கள் சமூகம் பொருளைக் கொடுப்பதில் சமர்த்து. பழைய மாணவர் சங்கம் கட்டடம் கட்டும், ஊர்ச்சங்கம் அம்புலன்ஸ் வாங்கிக் கொடுக்கும், கடைக்காரர் வைத்தியசாலைக்கு வாங்கு போட்டுக் கொடுப்பார். வாங்கின் முதுகில் கடையின் பெயர், தொலைபேசி இலக்கம், அமரரான தாய் தகப்பன் பெயர் எல்லாம் இருக்கும். இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அம்புலன்ஸின் மூன்றாவது வருட ரயரில் யாரும் பெயர் எழுத முடியாது. சாரதியின் இரவுச் சம்பளத்துக்கு நாடா வெட்ட முடியாது. டீசலுக்குக் கல்வெட்டு இல்லை. ஆகவே அவற்றுக்குக் காசும் இல்லை.

என்னுடைய முன்னாள் முதலாளியின் உண்டியல் இதற்கு நேர்மாறானது. அது ஹெலிகொப்டர் வாங்கவில்லை. ஹெலிகொப்டர் நாளைக்கும் எழும்புவதற்கான எண்ணெயை வாங்கியது. அங்கே பல அமைப்புகள் ஹெலிகொப்டரையும் விமானியையும் ஒரு தனியார் நிறுவனத்திடமிருந்து குத்தகைக்கு எடுக்கின்றன. மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். அதனால் அவர்களுக்கு வேண்டியது ஒரு பெரிய கொடையாளி அல்ல. வாரம் ஒரு பவுண் கட்டும் பல்லாயிரம் சாதாரண மனிதர்கள்தான்.

சுவிஸில் இருப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். 1952 இல் தொடங்கப்பட்ட ரெகா என்ற மீட்பு அமைப்பு அங்கே மலைகளிலிருந்து ஆட்களைத் தூக்கி வருகிறது. ஒருவர் வருடத்துக்கு 40 பிராங் கட்டி அதன் ஆதரவாளராகலாம். 35 இலட்சத்துக்கும் அதிகமானோர் கட்டுகிறார்கள். ஆதரவாளர் ஒருவருக்கு மீட்புத் தேவைப்பட்டு, காப்புறுதி அந்தச் செலவை ஏற்காவிட்டால், ரெகா அதை அறவிடாமல் விட்டுவிடக்கூடும். எங்கள் ஊர் மரண உதவிச் சங்கத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மாதச் சந்தா கட்டுகிறோம். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சங்கம் கதிரை, கொட்டகை, செலவுக் காசு என்று வந்து நிற்கிறது. கணக்குப் பிழைப்பதில்லை. எத்தனையோ இடப்பெயர்வுகளுக்குப் பின்னரும் பல ஊர்களில் மீண்டும் எழுந்து நின்ற அமைப்புகளில் அதுவும் ஒன்று. செத்த பிறகு பார்ப்பதற்குச் சந்தா கட்டத் தெரிந்த சமூகம், சாகாமல் பார்ப்பதற்குக் கட்டாதா?

கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். திருவிழாவில் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உபயகாரர். அந்த நாள் செலவு அவருடையது. அடுத்த வருடமும் அவருடையது. அவருக்குப் பின் பிள்ளைகளுடையது. ஆண்டுதோறும் திரும்பி வரும் செலவை ஒரு சமூகம் எப்படிப் பங்கிட்டுச் சுமக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் எங்கும் காணவில்லை. நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு எத்தனை ஆயிரம் பேர் அதே குறிகட்டுவானில் படகேறுகிறார்கள்! படகு ஒழுங்கு, தண்ணீர், அன்னதானம் எல்லாம் நடக்கிறது. கடலைக் கடந்து ஆட்களை ஏற்றி இறக்கும் ஒழுங்கமைப்பு எங்களுக்குத் தெரியாத வித்தை அல்ல.

ஆனால் நான் கேட்பது ஹெலிகொப்டர் அல்ல, படகு. ஹெலிகொப்டரின் ஒரு மணித்தியாலப் பறப்புச் செலவில் ஒரு படகு எத்தனை தடவை போய்வரும் என்பதை ஒரு பக்கம் வைப்போம். ஹெலிகொப்டர் இரவில் பறக்க விசேட கருவிகளும் பயிற்சியும் வேண்டும். பிரித்தானியாவிலேயே அந்த வசதி பல வருடங்கள் கழித்துத்தான் பரவியது. அதைப் பராமரிக்கும் தொழில்நுட்பவியலாளர் வேண்டும், அனுமதிகள் வேண்டும். இங்கே அவை எல்லாவற்றையும் வைத்திருக்கும் ஒரே தரப்பு மீண்டும் விமானப்படைதான். ஆக, நாங்கள் காசு சேர்த்து ஹெலிகொப்டர் வாங்கினாலும் அதன் சாவி பலாலியில்தான் இருக்கும். படகு அப்படியல்ல. படகோட்டத் தெரிந்தவர்கள் தீவிலேயே இருக்கிறார்கள். இயந்திரம் திருத்தத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். மூடிய அறையும், படுக்கையும், ஒட்சிசனும், பயிற்சி பெற்ற ஒரு மருத்துவ உதவியாளரும் உள்ள வேகப்படகு ஒன்று நெடுந்தீவில் இரவும் பகலும் ஆயத்தமாக நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

பிரித்தானியாவில் இதற்கும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஹெலிகொப்டரைவிட மிகப் பழையது. 1824 இல் தொடங்கிய உயிர்காப்புப் படகுச் சங்கம். கடலில் ஆபத்து என்றால் போவது அவர்கள். அதுவும் நன்கொடையில் ஓடுவது. படகில் போகிறவர்களில் பெரும்பாலானோர் தொண்டர்கள். அந்தந்தத் துறைமுக ஊரின் தச்சர், ஆசிரியர், கடைக்காரர், மீனவர். அழைப்பு வந்ததும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அப்படி ஓடும் ஊழியரைத் தடுக்காமல் விடும் முதலாளிதான் அந்தச் சேவையின் கண்ணுக்குத் தெரியாத கொடையாளி. அவர் காசு ஒன்றும் கொடுக்கவில்லை. மூன்று மணித்தியாலம் ஓர் ஆள் குறைந்த கடையை நடத்துகிறார். யாழ்ப்பாணத்து வர்த்தகர்களிடம் நான் எதிர்பார்க்கும் உதவி இந்த வகையானது. வாங்கு வேண்டாம்.

வர்த்தக நிறுவனங்கள் குடாநாட்டின் மருத்துவத்துக்குப் பெரிதாக எதுவும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2011 ஜூலையில் இலங்கையின் தென்முனையான தெவிநுவரவிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள், ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்து நிதி சேர்த்தார்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டுவதற்காக. இருபது இலட்சம் டொலர் இலக்கு. அந்த நடைபயணத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் மாஸ் ஆடை நிறுவனத்தின் உயர் பதவியில் இருந்த நாதன் சிவகணநாதன். நிறுவனங்கள் பணமும் கொடுத்தன, ஊழியர்களையும் நடக்க விட்டன. போர் முடிந்து இரண்டே வருடங்களில் தென்னிலங்கையர் நடந்து வந்து வடக்கில் ஒரு வைத்தியசாலைக்குக் காசு சேர்த்ததை எங்களில் சிலர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். நானும்தான். நீதியைப் பற்றிப் பேசாமல் நல்லிணக்கத்தைப் பற்றி மட்டும் பேசும் ஒரு காலமாக அது இருந்தது. அந்தச் சந்தேகத்தை நான் இப்போதும் முழுதாகக் கைவிடவில்லை. ஆனால் இன்று தெல்லிப்பழையில் சிகிச்சை பெறும் ஒருவர் மகரகமவுக்குப் பஸ் ஏறத் தேவையில்லை. அதுவும் உண்மை.

தெல்லிப்பழை நிலைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. கட்டியது நன்கொடை, நடத்துவது அரசாங்கம். வைத்தியரின் சம்பளத்துக்கு யாரும் நடக்க வேண்டியதில்லை. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையும் அப்படித்தான் வந்தது. இந்தியாவின் 75 இலட்சம் டொலர் நன்கொடையோடு 2016 இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, 2018 ஜூலை 21 அன்று யாழ்ப்பாணத்தில் வடக்குக்கான சேவை ஆரம்பித்து வைக்கப்பட்டது. அதே வருடம் தனிச்சட்டம் மூலம் அது ஓர் அரச மன்றமானது. இன்று 1990 ஐ அழைத்தால் காசில்லாமல் அம்புலன்ஸ் வருகிறது. நல்ல சேவை. ஆனால் அதன் சில்லுகள் கடலில் உருளா.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. நோயாளியைக் காவுவது அரசாங்கத்தின் கடமை. நாங்கள் உண்டியல் குலுக்கினால் அரசாங்கம் கையைக் கழுவிவிடும். இதில் உண்மை இருக்கிறது. ஸ்கொட்லாந்தில் அம்புலன்ஸ் சேவையின் ஹெலிகொப்டர்களுக்கு அரசாங்கம்தான் காசு கொடுக்கிறது. அங்கேயும் தீவுகள்தான் காரணம். தீவில் பிறந்தது ஒருவருடைய குற்றமல்ல. அவருக்கான அம்புலன்ஸ் தண்ணீரில் ஓட வேண்டும் என்றால் அதைத் தண்ணீரில் ஓட்டுவது அரசின் வேலை. ஆகவே படகு மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், மருத்துவ உதவியாளர் அதன் ஊழியராக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. எரிபொருள், திருத்தம், இரவுக் காவல், தொண்டர்களின் பயிற்சி ஆகியவற்றைச் சமூகம் பொறுப்பெடுக்கலாம். அப்படி ஒரு படகு ஒரு வருடம் ஓடி, எத்தனை பேரைக் கொண்டுவந்தது என்ற பதிவேடு கையில் இருந்தால், பாதீட்டில் ஒரு வரி கேட்பதற்கு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அது உதவும். இப்போது அவர்களிடம் இருப்பது கதைகள் மட்டும்.

மாகாணசபையே இல்லாத நாட்டில் மாகாணத் திணைக்களத்தை நம்பச் சொல்கிறாயா என்று கேட்கலாம். வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் வைக்கப்படவில்லை. ஆளுநரின் கீழ் இயங்கும் திணைக்களத்திடம் ஒரு படகைக் கொடுப்பதில் எனக்கும் தயக்கம் இருக்கிறது. ஆனால் தீவில் மாரடைப்பு வருபவர் மாகாணசபைத் தேர்தல் வரை காத்திருக்க மாட்டார்.

இதையெல்லாம் போன மாதம் அந்தப் பழைய முதலாளியிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் இப்போது இரண்டு பெற்றோல் நிலையங்கள் வைத்திருக்கிறார். இரண்டிலும் உண்டியல் இருக்கிறது. படகுக்கு என்று மூன்றாவது உண்டியல் வைப்பீர்களா என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

“வைக்கலாம். காசு பிரச்சினையில்லை. கணக்கை ஆர் வைச்சிருக்கிறது?”

நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குள் எத்தனை இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். போர்க்காலத்தில் கொடுத்த காசு என்னவாயிற்று என்ற மனக்குறை அதற்குள் இருக்கிறது. 2014 இல் இலங்கை அரசாங்கம் பதினாறு அமைப்புகளையும் நூற்றுக்கணக்கான தனிநபர்களையும் தடைப்பட்டியலில் போட்டபோது, சாதாரண ஊர்ச்சங்கங்கள்கூடப் பயந்து ஒதுங்கியது இருக்கிறது. பின்னர் சில பெயர்கள் நீக்கப்பட்டு, மீண்டும் சேர்க்கப்பட்டு, மீண்டும் நீக்கப்பட்டன. பயம் மட்டும் நீங்கவில்லை. அதனால் புலம்பெயர்ந்த காசு இன்றைக்கும் ஆளிலிருந்து ஆளுக்குத்தான் போகிறது. மச்சானுக்கு, படித்த பள்ளிக்கூடத்துக்கு, கோயிலுக்கு. ஊரைத் தாண்டி ஒரு பொதுச்சேவைக்குப் போவதற்கு அது நம்பும் ஓர் அமைப்பு இல்லை. நெடுந்தீவுக்காரர் நெடுந்தீவுக்குக் கொடுப்பார். அனலைதீவும் எழுவைதீவும் அதே படகைப் பயன்படுத்தும் என்றால் கூட்டம் குழம்பும்.

“பிரதேச செயலாளர், வைத்தியசாலைப் பொறுப்பதிகாரி, கடற்றொழிலாளர் சங்கத்தில ஒராள், கோயிலாலயும் தேவாலயத்தாலயும் ஒவ்வொராள்... ஐஞ்சு கையெழுத்து” என்றேன்.

“மாசாமாசம் கணக்கைப் பேப்பரில போடுவினமோ?”

“போடவேணும்.”

“எத்தனை ஓட்டம், எத்தனை லீற்றர், ஆரைக் கொண்டுவந்தது எண்டும் போடவேணும். ஆளின்ர பேர் வேண்டாம். இஞ்ச ஹெலிக்காரர் அப்படித்தான் போடுறவை. அதைப் பாத்துத்தான் சனம் காசு போடுது.”

பிறகு கடைக்குள் யாரோ வந்துவிட்டார்கள். கொஞ்சம் பொறு என்றார். காசுப்பெட்டி திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்ப வந்து, ஒரு லீற்றர் டீசல் இப்போது ஊரில் என்ன விலை என்று கேட்டார்.